மிச்சக் கறியும் உருளைக்கிழங்கும்: என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் திங்கட்கிழமை காலையில் யாராவது ஒருத்தர் போன் போட்டு, மிஞ்சியதை என்ன செய்வது என்று கேட்பது எனக்குப் பழகிப்போன விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் இந்தக் கேள்விகள் இன்னும் கூடிவிடும். அந்த 61 நாளும் விசைப்படகுகள் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் துறைகளில் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகில் வருகிற கொஞ்ச மீனும் விலை ஏறி நிற்கும், பல வீடுகளில் வருமானம் இருக்காது, எடுத்த அரைக்கிலோ கறியை இரண்டு நாள், மூன்று வேளைக்கு இழுத்தாக வேண்டும். அப்போது கைகொடுப்பது உருளைக்கிழங்குதான்.

மதினி, தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஆள் மாற்றி ஆள் கேட்டதை, அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். நான் கறி என்று எழுதினால் அது ஆட்டுக்கறி. கோழி என்றால் கோழி என்றே சொல்லியிருக்கிறேன்.

அக்கா, நேத்து வச்ச கறிக்குழம்பு அரைச் சட்டி கிடக்கு. சுட வச்சு ஊத்தினா பிள்ளைங்க தொட மாட்டேங்குதுங்க. என்ன பண்ண?

நேற்றுத் தின்ற அதே குழம்பை அதே சோற்றில் ஊற்றினால் யாருக்கும் நாக்கு எழும்பாது. அதனால் முதலில் சட்டியைப் பிரியுங்கள். கறித்துண்டு தனியாக, எலும்பு தனியாக, குழம்பு தனியாக. இந்த மூன்றும் மூன்று சாப்பாடு. துண்டை உதிர்த்துக் கிழங்கோடு வறுக்கலாம், இல்லை கட்லெட் பிடிக்கலாம். எலும்பு கஞ்சிக்குப் போகும். குழம்பைச் சுண்ட வைக்கலாம்.

எதற்கும் நேரம் இல்லை என்றால் இரண்டு கிழங்கை வேகவைத்துத் தோலுரித்து, கையால் நாலாகப் பிட்டுக் குழம்பில் போட்டுப் பத்து நிமிடம் சிறுதீயில் விடுங்கள். கத்தியால் வெட்ட வேண்டாம், கையால் பிட்டால்தான் சொரசொரப்பான பக்கம் குழம்பைப் பிடிக்கும். சோற்றுக்குப் பதில் தோசை ஊற்றிக் கொடுங்கள். தட்டில் இருப்பது மாறினாலே பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள்.

சுண்டக்கறின்னா என்ன, குழம்பைச் சும்மா கொதிக்க விடுறதுதானே?

இல்லை. கொதிக்கவிட்டால் அடிபிடிக்கும், மேலே தண்ணியாக நிற்கும், எண்ணெய் கரிந்து கசக்கும். சுண்டக்கறிக்கு மண்சட்டியோ அடி கனத்த இரும்புச் சட்டியோ வேண்டும், தீ சிறியதாக இருக்க வேண்டும், ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு கரண்டி நல்லெண்ணெய், பத்துச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, கருவேப்பிலை. வெங்காயம் சிவந்ததும் மிச்சக் குழம்பை ஊற்றி, வேகவைத்துப் பிட்ட கிழங்கைச் சேருங்கள். முதல் பத்து நிமிடம் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் கொப்புளம் பெரிதாகி, மெதுவாகி, ‘புளுக் புளுக்’ என்று சத்தம் மாறும். ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து நிற்கும். அகப்பையால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம்.

காரம் குறைந்த மாதிரி இருந்தால் நம்ம ஊர் முண்டு மிளகாய் இரண்டைக் கிள்ளி எண்ணெயில் முதலிலேயே போடுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது, தோல் தடித்துக் குண்டாக இருப்பதால் எண்ணெயில் சட்டென்று கருகாது, நிறத்தையும் நன்றாக விடும்.

எங்கள் அப்பத்தா சுண்டக்கறியை வழித்து எடுத்ததும் சட்டியைக் கழுவப் போட விடமாட்டார். சூடு ஆறுவதற்குள் இரண்டு கை சோற்றை அந்தச் சட்டியிலேயே போட்டு, ஓரத்தில் ஒட்டிய மசாலா முழுக்க ஏறுகிற மாதிரி பிரட்டி, உருண்டை பிடித்து வரிசையாக எங்கள் கையில் வைப்பார். அந்த உருண்டைக்காகவே நாங்கள் அடுப்படியில் காத்திருப்போம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அது நடக்கிறது.

எவ்வளவு கறிக்கு எவ்வளவு கிழங்கு போடலாம்? கிழங்கு கூடிட்டா கறி வாசமே இல்லையே.

வறுவலுக்கு ஒரு பங்கு கறிக்கு இரண்டு பங்கு கிழங்கு. 150 கிராம் மிச்சக் கறி என்றால் 300 கிராம் கிழங்கு, ஐந்து பேருக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் போதும். கட்லெட்டுக்கும் இதே கணக்குதான். சுண்டக்கறிக்குச் சரிபாதி.

கறி வாசம் வராததற்குக் காரணம் கிழங்கு கூடியது இல்லை, கறி பெரிய துண்டாகக் கிடப்பது. நாலு துண்டை நாலு பேருக்கு வைத்தால் ஐந்தாவது ஆளுக்கு இல்லை. அதையே நாராக உதிர்த்தால் ஒவ்வொரு கிழங்கிலும் கறி ஒட்டியிருக்கும். முதலில் உதிர்த்த கறியை மட்டும் எண்ணெயில் போட்டு மொறுமொறு என்று ஆகும்வரை வறுத்து, சோம்பும் மிளகும் தட்டிப் போட்டு, அந்தக் கொழுப்பு இறங்கிய எண்ணெயிலேயே கிழங்கைப் பிரட்டுங்கள். வாசம் கிழங்குக்குள் ஏறிவிடும்.

ஊட்டிக் கிழங்கு வாங்கணுமா, சாதாக் கிழங்கு போதுமா?

எந்த ஊர்க் கிழங்கு என்பதைவிடப் புதுசா பழசா என்று பாருங்கள். நகத்தால் சுரண்டினால் தோல் உரிந்து வருகிற புதுக்கிழங்கு குழம்பில் கரையாமல் நிற்கும், வறுவலுக்கும் நல்லது. தோல் கெட்டிப்பட்ட முற்றின கிழங்கில் மாவு அதிகம், மசிக்க நன்றாக வரும், கட்லெட்டுக்கு அதுதான்.

பச்சை ஏறிய கிழங்கை வாங்காதீர்கள். வெயில் பட்டுப் பச்சையானதில் சோலனின் என்ற நஞ்சு கூடியிருக்கும், வேகவைத்தாலும் அது போகாது. லேசான பச்சை என்றால் தோலோடு ஆழமாகச் சீவிவிடலாம், உள்ளே வரை பச்சை, இல்லை கசப்பு என்றால் தூக்கிப் போடுங்கள். சின்ன முளையைத் தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். வெங்காயக் கூடையில் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும். ஃப்ரிட்ஜிலும் வேண்டாம், குளிரில் மாவு சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது சீக்கிரம் கருத்துப்போகும்.

ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே இருந்துச்சு. காலையில தளதளன்னு கொதிக்க வச்சுட்டா போதும்ல?

போதாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடத்துக்கு முன்னால் பொங்கலுக்கு மறுநாள், தேங்காய்ப்பால் ஊற்றின கோழிக்குழம்பு இரவு அடுப்பிலேயே மறந்துபோய்க் கிடந்தது. காலையில் நன்றாகக் கொதிக்க வைத்தேன். வாடையும் இல்லை, ருசியும் மாறவில்லை. மதியத்துக்குள் வீட்டில் நாலு பேருக்கு வாந்தி, சின்னவன் இரண்டு நாள் ட்ரிப்ஸ் ஏற்றிக் கிடந்தான். அவன் கையில் ஊசி குத்தியிருந்ததைப் பார்த்த அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உண்மைதான். ஆனால் சில கிருமிகள் இரவெல்லாம் பெருகும்போது ஒரு நஞ்சை விட்டுவைக்கும், அது கொதியில் அழியாது. சமைத்த கறி 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதுதான் கணக்கு. பொதுவாக இரண்டு மணி நேரம் என்பார்கள், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். நம்ம ஊரில் சித்திரை, வைகாசியில் அடுப்படி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் மிச்சத்தை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் படுங்கள்.

சூடா அப்படியே ஃப்ரிட்ஜில வைக்கலாமா? ஆற வைக்கத்தான் மணிக்கணக்கா ஆகுதே.

பெரிய சட்டியோடு கொதிக்கக் கொதிக்க வைத்தால் நடுப்பகுதி ஆற ரொம்ப நேரம் ஆகும், பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகும். ஒரு அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிச் சட்டியை அதில் இறக்கி, அப்பப்போ கிளறிவிடுங்கள், தண்ணீர் சூடானால் மாற்றுங்கள். அரை மணி நேரத்தில் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிடும். பிறகு இரண்டு மூன்று தட்டையான எவர்சில்வர் டப்பாவில் பிரித்து ஊற்றி உள்ளே வையுங்கள். புளி ஊற்றின குழம்பை அலுமினியச் சட்டியில் விட்டுவைக்காதீர்கள்.

ஃப்ரிட்ஜில் கறியும் கோழியும் மூன்று நாள். சோறு என்றால் மறுநாளே தீர்த்துவிடுங்கள். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் சுட வையுங்கள். மொத்த டப்பாவையும் எடுத்து, சுட வைத்து, திரும்ப உள்ளே வைத்து, திரும்ப எடுத்து என்று செய்யக் கூடாது.

எங்க அப்பத்தா காலத்துல ஃப்ரிட்ஜ் ஏது? அவங்க மட்டும் எப்படி வச்சு வச்சுத் தின்னாங்க?

அவர்கள் சும்மா வைக்கவில்லை. மிஞ்சும் என்று தெரிந்தால் தேங்காய் சேர்க்க மாட்டார்கள், புளியும் உப்பும் தூக்கலாக இருக்கும், இரவு படுக்கப் போகும் முன் ஒரு கொதி, விடிந்ததும் ஒரு கொதி, நடுவில் எச்சில் கரண்டியோ ஈரக் கையோ படவிடமாட்டார்கள். மேலே சொன்ன சுண்டக்கறியும் அப்படி வந்ததுதான், தண்ணீர் வற்ற வற்ற எண்ணெயும் உப்பும் காரமும் மேலே ஏறிவிடும். அப்படியும் வயிற்றுக்கோளாறு வரத்தான் செய்தது, அதற்குக் காரணம் குழம்பு என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு நான் சொல்வது: சமைக்கும் முன்பே பிரித்துவிடுங்கள். அரைக்கிலோ எடுத்தால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் குழம்பு வையுங்கள். மீதிப் பச்சைக்கறியைக் கொழுப்பு நீக்கி, நீள நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, ஊசிநூலில் கோத்து நல்ல வெயிலில் மெல்லிய துணி மூடிக் காய வையுங்கள். நாலைந்து வெயிலில் உப்புக்கண்டம் ஆகிவிடும். குச்சி மாதிரி ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை முயற்சி செய்யாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

உப்புக்கண்டத்துலயும் உருளைக்கிழங்கு போடலாமா?

தாராளமாக. கிழங்கும் உப்புக்கண்டமும் அப்படி ஒரு ஜோடி. கண்டத்தைச் சுடுதண்ணீரில் அரை மணி ஊறப்போட்டு, அம்மியிலோ உரலிலோ தட்டி நாராக்கி, எண்ணெயில் வறுத்து, வேகவைத்த கிழங்கைப் போட்டுப் பிரட்டுங்கள். உப்பு போடவே வேண்டாம். கையளவு கண்டம் அரைக்கிலோ கிழங்கைத் தூக்கி நிறுத்தும். நெத்திலிக் கருவாட்டிலும் இதே மாதிரி செய்யலாம்.

கட்லெட் போட்டா எண்ணெயில உடைஞ்சு போகுது. மூணு தடவை பார்த்துட்டேன்.

பத்தில் எட்டுப் பேருக்கு ஈரம்தான் காரணம். கிழங்கை வெட்டி வேகவைத்தால் தண்ணீர் குடித்துவிடும். தோலோடு முழுசாகக் குக்கரில் மூன்று நாலு விசில் விட்டு, உடனே தண்ணீரை வடித்து, சூட்டோடு உரித்து, தட்டில் பரப்பி ஆவி போகவிடுங்கள். முழுக்க ஆறியபிறகு மசியுங்கள். மிச்சக் கறியில் ஒட்டியிருக்கும் மசாலாவையும் சட்டியில் போட்டு வறட்டிக்கொள்ளுங்கள். வெங்காயத்தைப் பச்சையாகப் போட்டால் அதுவும் தண்ணீர் விடும், வதக்கிச் சேருங்கள்.

பிசைந்ததை உருண்டை பிடித்துப் பாருங்கள். கையில் ஒட்டினால் இரண்டு கரண்டி ரஸ்க் தூளோ பொட்டுக்கடலை மாவோ போதும், அதற்கு மேல் போட்டால் கட்லெட் மாவு உருண்டையாகிவிடும். தட்டி வைத்து ஃப்ரிட்ஜில் அரை மணி இருக்கட்டும். பிறகு முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுச் சுடுங்கள். போட்டதும் திருப்பாதீர்கள், அடி தானாகக் கல்லை விட்டு நகரும், அப்போது திருப்புங்கள். நிறைய எண்ணெயில் பொரிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மண்டபம் பக்கம் இலங்கைக்காரங்க ரோல்ஸ்னு ஒண்ணு செய்றாங்களே, அது மிச்சக் கறியில வருமா?

வரும், மிச்சக் கறிக்கென்றே பிறந்த பண்டம் அது. மண்டபம் முகாமில் இருக்கும் ஒரு தோழி எனக்குக் காட்டிக்கொடுத்தார். கட்லெட்டுக்குப் பிசைந்த அதே கலவைதான் உள்ளே, கிழங்கை மட்டும் முழுக்க மசிக்காமல் சின்னச் சின்னக் கட்டியாக விட வேண்டும். மைதா, ஒரு முட்டை, உப்பு, தண்ணீர் சேர்த்து நீர்த்தோசை மாதிரி கரைத்து, கல்லில் மெல்லிசாக ஒரு பக்கம் மட்டும் சுட்டு எடுங்கள். நடுவில் கலவையை நீளமாக வைத்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்துச் சுருட்டி, மைதாக் கரைசலில் முக்கி, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிக்கவும்.

சுருட்டும்போது காற்று இருக்கக் கூடாது, இருந்தால் எண்ணெயில் வெடிக்கும். தோழி விரல் நுனியால் கலவையை அழுத்தி அழுத்தித்தான் சுருட்டுவார். 150 கிராம் கறியில் பன்னிரண்டு ரோல்ஸ் வந்தது. அதிலேயே மூன்று பிள்ளைகளின் இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது.

எலும்பை என்ன செய்ய? நாய்க்குத்தான் போடுறோம்.

போடும் முன் ஒரு தடவை கஞ்சிக்குப் பயன்படுத்துங்கள். அதுவும் ஒட்டின சதையோடு குழம்பில் கிடந்த எலும்பு என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு டம்ளர் நொய், கால் டம்ளர் பாசிப்பருப்பு, அரைக் கரண்டி வெந்தயம், நாலு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, எலும்பு, ஒரு கிழங்கைச் சின்னதாக நறுக்கியது. எட்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் ஐந்து விசில். எலும்பை எடுத்துவிட்டுக் கரண்டியால் மசித்து, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால், மல்லி, புதினா.

கீழக்கரைப் பக்கம் நோன்புக் கஞ்சி குடித்தவர்களுக்கு இந்த மணம் உடனே பிடிபடும், கிழங்கு மட்டும் நான் சேர்த்தது. கிழங்கு கரைந்து கஞ்சியைக் கெட்டியாக்குவதால் அரிசி குறைவாகப் போதும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கு இதைவிட இதமான ஒன்றை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

எங்க வீட்ல ஆணத்துக்கு, அதான் குழம்புக்கு, தேங்காய்ப்பால்தான் ஊத்துவோம். அது மிஞ்சினா?

தேங்காய்ப்பால் ஆணம் ரொம்பச் சீக்கிரம் ஊசிப்போகும். மேலே நுரை கட்டினாலோ, கரண்டியில் எடுத்தால் நூல் விட்டாலோ அவ்வளவுதான். சமைக்கும்போதே மிஞ்சும் என்று தெரிந்தால் பால் ஊற்றும் முன் பாதியை எடுத்து வைத்துவிடுங்கள், மறுநாள் சுட வைத்துப் புதுப்பால் சேருங்கள். பால் சேர்த்தது மிஞ்சிவிட்டால் அன்றைக்கே ஃப்ரிட்ஜ், மறுநாளே தீர்த்துவிட வேண்டும்.

சுட வைக்கும்போது திரிந்த மாதிரி ஆனால் பயப்பட வேண்டாம், தீ கூடினால் தேங்காய்ப்பால் அப்படித்தான் பிரியும். ஒரு சின்னக் கிழங்கை மசித்துச் சேர்த்துக் கிளறினால் திரும்பக் கூடிவரும். இடியாப்பத்துக்கு ஊற்ற அருமையாக இருக்கும்.

மீன் குழம்புலயும் கிழங்கு போட்டு நீட்டலாமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். மீன் குழம்பின் உயிர் புளியும் தெளிவும், கிழங்கு கரைந்து அதைக் கலங்க அடித்துவிடும். மாங்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய் போட்டு நீட்டுங்கள். மிஞ்சிய மீன்துண்டை முள் எடுத்து உதிர்த்துப் புட்டாகக் கிளறும்போது வேண்டுமானால் கிழங்கு சேருங்கள், மீன் கட்லெட்டும் நன்றாக வரும்.

இன்னொன்று. சூரை, சாளை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் பச்சையாக இருக்கும்போதே வெயிலில் கிடந்துவிட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். குழம்பு வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடித்துவிடும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் சொல்கிற பல நேரம் இதுதான். நாக்கில் மிளகு மாதிரிச் சுருக்கென்று குத்தினால் துப்பிவிடுங்கள்.

குழம்புல உப்பு கூடிப்போச்சு. உருளைக்கிழங்கு போட்டா உப்பை இழுத்துக்கும்னு சொல்றாங்களே?

உப்பை மட்டும் தேடிப்பிடித்து இழுக்கிற வித்தை கிழங்குக்குக் கிடையாது. அது குடிக்கிற குழம்போடு சேர்ந்துதான் உப்பும் உள்ளே போகும், மிச்சக் குழம்பு அதே உப்பில்தான் நிற்கும். கிழங்கோடு ஒரு டம்ளர் வெந்நீரும் ஊற்றினால் உப்பு பரவிக் குறையும், அதுவே நடப்பது. உப்பு போடாமல் வேகவைத்த கிழங்காக இருக்கட்டும். சுண்டக்கறி வைக்கப் போகிறீர்கள் என்றால் முதலிலேயே ருசி பாருங்கள், வற்றினால் உப்பு இன்னும் ஏறும்.

புரோட்டா வாங்கினா சால்னா மட்டும் நிறைய மிஞ்சுது. அதை என்ன செய்ய?

கவரில் வந்ததை உடனே டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலையில் கிழங்கும் பட்டாணியும் வேகவைத்துப் போட்டுக் கொதிக்க விட்டால் சப்பாத்திக்கு ஆச்சு. மிஞ்சிய புரோட்டா இருந்தால் பிய்த்துப் போட்டு, முட்டை உடைத்து ஊற்றி, பொடிப்பொடியாகக் கொத்துங்கள்.

பக்ரீத்துக்குக் கறி நிறைய வந்துருச்சு. ஃப்ரீசர்ல கிழங்கு போட்ட குழம்பா வச்சிடவா?

பக்கத்து வீட்டிலிருந்து எங்களுக்கும் பங்கு வரும், அன்றைக்கு வீடே மணக்கும். குழம்பாக வைப்பதானால் கிழங்கு போடாமல் வையுங்கள். வெந்த கிழங்கு உறைந்து இளகினால் தண்ணீர் பிரிந்து, வாயில் மணல் மாதிரி நெறுநெறுவென்று இருக்கும். எடுத்துச் சுட வைக்கும் அன்றைக்குப் புதுக்கிழங்கைப் போட்டுக்கொள்ளலாம்.

பச்சைக்கறியைக் கால்கிலோ கால்கிலோவாகக் கட்டித் தேதி எழுதி வையுங்கள். ஒரே கட்டியாக உறைந்தால் எடுக்கும் அன்றைக்குச் சுத்தியல் தேட வேண்டியிருக்கும். இளக்குவது முந்தின இரவே கீழ்த்தட்டில் வைத்து, அடுப்புத்திண்டில் வைத்து இல்லை.

புயல் அறிவிச்சு கரண்டு போயிட்டா ஃப்ரிட்ஜில இருக்கிற கறி?

கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்த்தட்டு நாலு மணி நேரம் தாங்கும். ஃப்ரீசர் நெருக்கி அடுக்கியிருந்தால் 48 மணி நேரம் வரை, பாதி காலியாக இருந்தால் 24 மணி நேரம். எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதுமே நான் தண்ணீர்ப் பாட்டில்களை ஃப்ரீசர் இடைவெளியில் அடுக்கிவிடுவேன். கரண்டு வந்ததும் பாருங்கள். ஐஸ் துகள் இன்னும் ஒட்டியிருந்தால் சமைத்துவிடலாம், முழுக்க இளகிக் குளிர்ச்சியும் போயிருந்தால் வேண்டாம்.

பழைய சோறு புளிச்சா உடம்புக்கு நல்லதுங்கறீங்க, குழம்பு புளிச்சா கெட்டதுங்கறீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

நல்ல கேள்வி, என் மகளே இதைக் கேட்டிருக்கிறாள். ஆறின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கும்போது, தயிரைப் புளிக்க வைக்கிற அதே வகைக் கிருமிகள் பெருகி அமிலத்தை உண்டாக்குகின்றன, அந்த அமிலம் மற்றக் கிருமிகளை அடக்கி வைக்கிறது. கறியில் நடப்பது வேறு. புரதம் சிதைந்து வாடை வருவது, எந்தக் கிருமி முந்தியது என்று சொல்ல முடியாது. தண்ணீர் ஊற்றாமல் சட்டியில் சூட்டோடு மூடிக்கிடந்த சோறும் பழைய சோறு ஆகாது, அது ராத்திரி அடுப்பில் கிடந்த குழம்பு மாதிரிதான்.

எங்க அத்தைக்குச் சுகர். இதெல்லாம் கொடுக்கலாமா?

கிழங்கு மாவுச்சத்து, அதனால் கிழங்கு வைத்த அன்றைக்குச் சோற்றைக் குறைக்க வேண்டும், இரண்டையும் குவிக்கக் கூடாது. வேகவைத்து ஆறவைத்த கிழங்கில் ஒரு பகுதி மாவு எளிதில் செரிக்காததாக மாறுவதால் சர்க்கரை ஏறுவது கொஞ்சம் மட்டுப்படும், ஆனால் அதை நினைத்து அள்ளிவிடாதீர்கள், அளவுதான் முக்கியம். மருத்துவர் சொன்ன கணக்கே கணக்கு. முருங்கைக்கீரையைக் கறியோடு பொரித்துக் கொடுத்துப் பாருங்கள், எங்கள் அத்தை அதைத்தான் விரும்பிச் சாப்பிடுவார்.

விருந்தாளி வந்துட்டாங்க, வீட்ல நேத்துக் கறிதான் இருக்கு. வச்சா தப்பா நினைப்பாங்களோ?

முறையாக எடுத்து வைத்த கறி என்றால் ஒரு தப்பும் இல்லை, நேற்று வைத்தது என்று சொல்லியே பரிமாறுங்கள். போன வைகாசியில் தொண்டியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் சின்ன மாமனார் வீட்டார் ஆறு பேர் வந்து நின்றார்கள். டப்பாவில் இருந்தது ஒரு கிண்ணம் கறி. உதிர்த்து, ஒரு கிலோ கிழங்கோடு வறுத்து, மேலே மிளகு தட்டிப் போட்டு, ரசமும் அப்பளமும் வைத்தேன். கிளம்பும்போது மாமனார் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அந்த வறுவலில் என்ன போட்டாய் என்று கேட்டார்.

மூணாவது நாளும் மிஞ்சினா?

கொட்டிவிடுங்கள். காசு போட்டு வாங்கியது என்று மனசு கேட்காது, எனக்கும் கேட்காது, ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு அதைவிடப் பெரியது. எங்கள் வீட்டில் தென்னை மரத்திலிருந்து மூன்றடி தள்ளி, முழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டிப் புதைத்து, மேலே ஒரு கருங்கல்லைத் தூக்கி வைத்துவிடுவோம். கல் வைக்காவிட்டால் ராத்திரிக்குள் நாய் தோண்டிவிடும்.